மொபைல் ஹோம் காப்பீடு: வீட்டுக்கும் வாகனத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு பாலிசி

அமெரிக்காவில் மொபைல் ஹோம் என்று அழைக்கப்படும் வீடு தொழிற்சாலைக்குள் எஃகுச் சட்டத்தின் மேல் கட்டி முடிக்கப்படுகிறது. பிறகு அதற்குச் சக்கரம் பூட்டி, நெடுஞ்சாலை வழியே இழுத்து வந்து, கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அவற்றின் மேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். பெயரில்தான் நகர்வு இருக்கிறது. அப்படி நிறுத்தப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை அதன் பிறகு இடம்விட்டு இடம் போவதே இல்லை. ஆனாலும் அரசு ஏடுகளில் அந்த வீடு வாகனத்தின் உறவாகவே நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. ஃபுளோரிடா மாநிலத்தில் மொபைல் ஹோமுக்கு உரிமைச் சான்று வழங்குவது, கார்களுக்குச் சான்று வழங்கும் அதே நெடுஞ்சாலைப் பாதுகாப்பு மற்றும் மோட்டார் வாகனத் துறைதான். வாடகை நிலத்தில் வீட்டை நிறுத்தியிருப்பவர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி ஒட்டுவில்லை ஒன்றை வாங்கி வீட்டில் ஒட்ட வேண்டும். நிலமும் தமக்கே சொந்தமென்றால் அதற்கு வேறு வில்லை.

காப்பீட்டு நிறுவனங்களின் பார்வையும் இந்த இரட்டைத் தன்மையிலிருந்தே பிறந்தது. குடியிருக்கும் கூரை என்ற வகையில் தீ, திருட்டு, புயல், விருந்தாளி வழுக்கி விழுவது வரை வீட்டுக் காப்பீடு தரும் பாதுகாப்பு இதற்கும் வேண்டும். வண்டிபோல ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு தேயும் பொருள் என்ற வகையில் இழப்பீட்டுக் கணக்கு வேறு மாதிரி போடப்படும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். பாலிசியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் தொகையைப் பார்த்து, வீடு போனால் அவ்வளவும் கைக்கு வரும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. உண்மையில் எவ்வளவு வரும் என்பதை உள்ளே இருக்கும் வேறொரு பிரிவு முடிவுசெய்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தப் பிரிவைப் பற்றியது.

முதலில் பெயர். 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, தொழிற்சாலையில் கட்டப்படும் வீடுகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே கட்டுமானத் தரம் வகுக்கப்பட்டது. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை, சுருக்கமாக ஹட், அந்த விதிகளை 1976 ஜூன் 15-ஆம் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் கட்டப்பட்டவை மொபைல் ஹோம், பின் கட்டப்பட்டவை மேனுஃபாக்சர்டு ஹோம் என்பது முறையான வழக்கு. பேச்சில் இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன, இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் காப்பீட்டு முகவரின் மேசையில் அந்தத் தேதி மிகப் பெரிய எல்லைக்கோடு. 1976-க்கு முந்தைய வீட்டை ஏற்க மறுக்கும் நிறுவனங்கள் பல உண்டு. ஏற்றுக்கொள்ளும் நிறுவனமும் பெரும்பாலும் தேய்மானம் கழித்த மதிப்புக்கு மட்டுமே பாலிசி தரும்.

வழக்கமான வீடுகளுக்கு விற்கப்படும் பாலிசி பெரும்பாலும் எச்.ஓ-3 என்ற படிவத்தைச் சேர்ந்தது. மொபைல் ஹோமுக்கான படிவத்தைத் தொழிலில் எச்.ஓ-7 என்கிறார்கள், சில நிறுவனங்கள் வழக்கமான படிவத்தின் மேலேயே மொபைல் ஹோமுக்கென்று ஓர் இணைப்பைச் சேர்த்துத் தருகின்றன, சில தங்களுக்கென்று தனிப் படிவம் வைத்திருக்கின்றன. எந்த உருவில் வந்தாலும் உறுப்புகள் ஒன்றுதான்: வீடு, வீட்டோடு ஒட்டாத கொட்டகை போன்ற துணைக்கட்டுமானங்கள், உள்ளே இருக்கும் உடைமைகள், வீடு வாழத் தகுதியற்றுப் போனால் வெளியே தங்கும் செலவு, பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான பொறுப்பு, விருந்தாளியின் சிறு மருத்துவச் செலவு. இவ்வளவையும் பட்டியலில் பார்க்கும்போது சாதாரண வீட்டுக் காப்பீட்டுக்கும் இதற்கும் வேறுபாடே இல்லை என்றுதான் தோன்றும்.

வேறுபாடு கணக்கில் இருக்கிறது. இழப்பை மதிப்பிட மூன்று முறைகள் உண்டு. ஒன்று நடப்பு மதிப்பு: அதே பொருளை இன்று புதிதாக வாங்க ஆகும் விலையிலிருந்து, அது பயன்பட்ட ஆண்டுகளுக்கான தேய்மானத்தைக் கழித்தால் மிஞ்சுவது. இரண்டாவது மாற்று மதிப்பு: தேய்மானம் எதுவும் கழிக்காமல், அதே தரத்தில் புதிதாக வைக்க ஆகும் முழுச் செலவு. மூன்றாவது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு: பாலிசி எடுக்கும்போதே இரு தரப்பும் ஒரு தொகையை முடிவுசெய்துகொள்ள, வீடு முழுமையாக அழிந்தால் அந்தத் தொகையே இழப்பீடு. மூன்றுக்கும் பிரீமியம் வேறு வேறு. மாதச் செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. தேர்ந்தெடுத்ததில் தவறில்லை; எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

ஒரு கூரையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலங்கட்டி மழையில் கூரை முழுவதும் பாழானது, புதிதாகப் போட 12,000 டாலர் ஆகும், அந்தக் கூரையின் ஆயுள் 20 ஆண்டு, அது போடப்பட்டு 15 ஆண்டு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடப்பு மதிப்பு முறையில் நான்கில் மூன்று பங்கு தேய்மானமாகப் போய்விடும், மிச்சம் 3,000. அதிலிருந்து டிடக்டிபிள் எனப்படும், உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய தொகை 1,000 டாலரைக் கழித்தால், கைக்கு வரும் காசோலை 2,000 டாலருக்கு. கூரை போடுபவருக்குத் தர வேண்டியதோ 12,000. மாற்று மதிப்பு முறையில் இதே உரிமையாளருக்கு 11,000 டாலர் கிடைத்திருக்கும். இரண்டு பாலிசிகளின் முதல் பக்கமும், உச்சவரம்பும், டிடக்டிபிளும் ஒன்றாகவே இருந்திருக்கக்கூடும்.

முழு வீடும் எரிந்துபோனால் இந்த இடைவெளி இன்னும் அகலமாகும். 90,000 டாலர் வரம்பு போட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டிவந்தவரின் வீட்டை, அதே ஆண்டில் செய்த அதே அளவு வீடுகள் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துச் சேத மதிப்பீட்டாளர் 35,000 டாலருக்கு மதிப்பிட்டால், நடப்பு மதிப்புப் பாலிசியில் அந்த 35,000-தான் இழப்பீட்டின் அடிப்படை. அவர் கட்டிய பிரீமியம் 90,000 வரம்புக்கானது என்பது கணக்கை மாற்றாது. வரம்பை உயர்த்திக்கொண்டே போனால் பாதுகாப்பு கூடும் என்று எண்ணி ஆண்டுதோறும் அதிகப் பணம் கட்டியவர்களுக்கு நேரும் இந்த நிலை எனக்குப் பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் படிவத்தில் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே பாலிசி எடுக்கும் நாளில் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

சில மாநிலங்களில் சட்டமே இதற்கு ஓரளவு தடுப்பு வைத்திருக்கிறது. ஃபுளோரிடாவின் மதிப்புறுதிப் பாலிசிச் சட்டத்தின்படி, காப்பீடு செய்யப்பட்ட ஆபத்தால் வீடு முழுமையாக அழிந்தால், பிரீமியம் எந்தத் தொகைக்கு வசூலிக்கப்பட்டதோ அந்தத் தொகைக்கு நிறுவனம் பொறுப்பு. மொபைல் ஹோமும் அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பகுதிச் சேதத்துக்கு இது பொருந்தாது. எல்லா மாநிலங்களிலும் இப்படியொரு சட்டம் இல்லை என்பதால், அடுத்த மாநிலத்து உறவினர் சொன்ன அனுபவத்தை நம்பித் தம் பாலிசியைப் புரிந்துகொள்ள முயல்வது பிழையில் முடியலாம்.

மாற்று மதிப்புப் பாலிசி வைத்திருப்பவரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழுதுபார்க்கும் வேலை முடியும் வரை நிறுவனம் பெரும்பாலும் நடப்பு மதிப்பை மட்டுமே முதலில் தருகிறது. வேலை முடிந்து ரசீதுகளைக் கொடுத்த பிறகுதான் பிடித்துவைத்த தேய்மானத் தொகை வரும். அதைக் கேட்கப் போவதாக நிறுவனத்துக்குத் தெரிவிக்க, வழக்கமான படிவங்களில் இழப்பு நாளிலிருந்து 180 நாள் கெடு உண்டு. முதல் காசோலையோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது பாதியைக் கேட்காமலே விட்டுவிடுவது எளிது.

பகுதிச் சேதத்தில் இன்னொரு சிக்கல் வீட்டின் வெளிச்சுவரிலேயே தெரியும். பழைய மொபைல் ஹோம்களின் சுவர்கள் நெளிவுள்ள அலுமினியத் தகடுகளால் மூடப்பட்டவை. மரக்கிளை விழுந்து மூன்று தகடுகள் நசுங்கினால், அந்த நெளிவிலும் நிறத்திலும் தகடு இன்று தயாரிக்கப்படுவதே இல்லை என்ற நிலை வரும். பக்கத்துத் தகடுகளோ இருபது ஆண்டு வெயிலில் வெளுத்திருக்கும். மூன்று தகட்டுக்காக முழுப் பக்கத்தையும் மாற்றித் தர நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறதா? பாலிசியோடு சேர்க்கப்படும் வழக்கமான மொபைல் ஹோம் இணைப்பு, பொருத்தமான பாகம் கிடைக்காதபோது பார்வைக்கு ஏற்கத்தக்க அளவில் சரிசெய்யும் செலவோடு நிறுத்திக்கொள்ள நிறுவனத்துக்கு இடம்தருகிறது. வீட்டின் முகப்பு ஒரு நிறமும் பக்கவாட்டு வேறு நிறமுமாக நிற்கும் காட்சிக்கு இந்த ஒரு வாசகமே காரணமாக இருக்கலாம்.

காற்றுக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் காப்பீட்டின் விலையைக் காற்றுதான் பெரிதும் நிர்ணயிக்கிறது. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் தென் ஃபுளோரிடாவின் ஹோம்ஸ்டெட் பகுதியைக் கடந்தபோது, அங்கிருந்த மொபைல் ஹோம் குடியிருப்புகள் ஏறத்தாழ முற்றாகச் சிதைந்துபோயின. எஃகுச் சட்டங்கள் மட்டும் வரிசையாகக் கிடக்க, சுவரும் கூரையும் தகடு தகடாகப் பிரிந்து பறந்திருந்தன. அதன் விளைவாக ஹட் தன் விதிகளைத் திருத்தி 1994 ஜூலையில் நடைமுறைப்படுத்தியது. நாடு மூன்று காற்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, உட்பகுதியான முதல் மண்டலத்துக்கு மணிக்கு 70 மைல், இரண்டாவதற்கு 100 மைல், கடலோர ஆபத்துப் பகுதிகளான மூன்றாவதற்கு 110 மைல் வேகத்தைத் தாங்கும் வடிவமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. முதல் மண்டலத்துக்காகச் செய்த வீட்டை மூன்றாவது மண்டலத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. 2004 ஆகஸ்டில் சார்லி புயல் ஃபுளோரிடாவின் பன்ட்டா கோர்டா பக்கம் கரையேறியபோது, 1994-க்குப் பிந்தைய வீடுகள் முந்தையவற்றைவிடத் தெளிவாகவே நன்றாகத் தாங்கி நின்றன. ஆகவே விண்ணப்பத்தில் கேட்கப்படும் 'எந்த ஆண்டு செய்தது' என்ற கேள்விக்கு 1976-ஐப் போலவே 1994-ம் ஓர் எல்லை.

வீடு எந்த மண்டலத்துக்குச் செய்யப்பட்டது என்பதை வீடே சொல்லும். தகவல் தாள் ஒன்றை உற்பத்தியாளர் வீட்டுக்குள் ஒட்டியிருப்பார். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், மின் இணைப்புப் பெட்டி அருகே அல்லது படுக்கையறை அலமாரிக்குள் தேடினால் கிடைக்கும். அதில் உற்பத்தியாளர் பெயர், வரிசை எண், செய்த தேதி, காற்று மண்டலத்தையும் கூரைமேல் பனி தாங்கும் அளவையும் காட்டும் சிறு வரைபடங்கள் இருக்கும். வெளியே, வீடு எத்தனை பகுதிகளாக இழுத்துவரப்பட்டதோ அவை ஒவ்வொன்றின் பின்புறத்திலும், உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்பு உலோகத் தகடு ஒன்று அறையப்பட்டிருக்கும். ஹட் விதிகளின்படி கட்டப்பட்டது என்பதற்கான சான்று அதுவே. காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பும் முன் இவ்விரண்டையும் தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆய்வுக்கு வருபவர் அதிக நேரம் செலவிடும் இடம் வீட்டின் அடிப்பகுதி. சுற்றிலும் மூடியிருக்கும் ஸ்கர்ட்டிங் தகட்டைக் கழற்றி, கைவிளக்கோடு உள்ளே ஊர்ந்து, வீட்டின் எஃகுச் சட்டத்திலிருந்து தரைக்கு இறங்கும் எஃகுப் பட்டைகளை அவர் பார்ப்பார். பட்டை துருவேறி மெலிந்திருக்கிறதா, நிலத்தில் திருகி இறக்கிய நங்கூரம் ஈரமண்ணில் தளர்ந்து மேலே வந்திருக்கிறதா, அடுக்கிய கட்டைகள் ஒருபக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்பதெல்லாம் அவருடைய குறிப்பில் ஏறும். இவை சரியாக இல்லையென்றால் சில நிறுவனங்கள் பாலிசியே தருவதில்லை. சில, முப்பது அறுபது நாள் கெடு வைத்துச் சரிசெய்யச் சொல்கின்றன. தரையோடு பிணைக்கப்படாத வீட்டைக் காற்று முதலில் பக்கவாட்டில் நகர்த்தும், பிறகு புரட்டும். டொர்னேடோ எனப்படும் சூறாவளிகளில் உயிரிழப்போரில் பெரும் பங்கினர் மொபைல் ஹோம்களில் இருந்தவர்களாக இருப்பதை நினைத்தால், இந்தப் பட்டைகளைக் காப்பீட்டு நிபந்தனையாக மட்டும் பார்க்க மனம் வருவதில்லை. நன்றாகப் பிணைக்கப்பட்ட வீடும் சூறாவளிக்குள் தங்கும் இடமல்ல; எச்சரிக்கை வந்தால் உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

பிற்பாடு சேர்த்துக் கட்டிய, கார் நிறுத்தும் பந்தலான கார்போர்ட், வலையடித்த தாழ்வாரம் ஆகியவை தனிப் பிரச்சினை. வீட்டின் கூரை விளிம்போடு அவற்றைப் பிணைத்திருந்தால், காற்றில் அவை பெயரும்போது கூரையின் ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். அந்தப் பிளவு வழியே மழை உள்ளே இறங்கும். சார்லி புயலுக்குப் பிறகு பல வீடுகளில் பார்த்த சேதம் இந்த வகைதான். ஆகவே சில பாலிசிகள் இத்தகைய இணைப்புகளைக் காற்றுச் சேதத்திலிருந்து விலக்குகின்றன. அவற்றுக்கும் பாதுகாப்பு உண்டா, உண்டென்றால் வீட்டின் தொகைக்குள்ளா அல்லது தனித் தொகையா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

கடலோர மாநிலங்களில் புயலுக்கான டிடக்டிபிள் வேறு. மற்ற இழப்புகளுக்கு 500 அல்லது 1,000 டாலர் என்று இருப்பது, பெயர் சூட்டப்பட்ட புயலுக்கு வீட்டுத் தொகையின் 2, 5 அல்லது 10 விழுக்காடு என்று மாறிவிடும். 80,000 டாலர் பாலிசியில் 5 விழுக்காடு என்றால் முதல் 4,000 டாலர் உரிமையாளருடையது. விழுக்காடு என்பது சேதத்தின் மேல் அல்ல, காப்பீட்டுத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது என்பதால், 3,500 டாலர் சேதம் என்றால் நிறுவனம் தரவேண்டியது ஒன்றுமில்லை.

வெள்ளத்தை இந்தப் பாலிசிகள் சேர்ப்பதில்லை. மழைநீர் கூரை வழியாக வந்தால் ஒரு கணக்கு, தரைமேல் ஓடி வந்து உள்ளே புகுந்தால் வேறு கணக்கு. இரண்டாவதற்கு 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியாரிடமோ தனிப் பாலிசி எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் ஒற்றைக் குடும்ப வீட்டுக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், உடைமைகளுக்கு 1,00,000 டாலர். உடைமைகளுக்கான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், தானாகச் சேராது. பொதுவாகப் பாலிசி எடுத்து 30 நாள் கழித்தே அது உயிர்பெறும் என்பதால், வானிலை அறிவிப்பில் புயலின் பெயரைக் கேட்ட பிறகு எடுக்கும் பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது. வெள்ள அபாயப் பகுதியில் நிற்கும் மொபைல் ஹோம் நிலையான அடித்தளத்தில் பிணைக்கப்பட்டிருந்தால்தான் திட்டம் ஏற்கும்.

இங்கும் வாகனமா வீடா என்ற பழைய கேள்வி மறைமுகமாகத் தலைகாட்டுகிறது. முதன்மை வசிப்பிடமாக இருக்கும் மொபைல் ஹோம், பொருத்தி முடித்த நிலையில் குறைந்தது 16 அடி அகலமும் 600 சதுர அடிப் பரப்பும் கொண்டிருந்தால் மட்டுமே நடப்பு மதிப்பைத் தாண்டிய சிறப்புக் கணக்குக்குத் தகுதி பெறுகிறது. அப்போதும் வீடு முழுமையாக அழிந்தால் கிடைப்பது மாற்றுச் செலவு, நடப்பு மதிப்பின் ஒன்றரை மடங்கு, பாலிசி வரம்பு ஆகிய மூன்றில் எது குறைவோ அது. 14 அடி அகலமுள்ள ஒற்றைப் பகுதி வீட்டில் வாழ்பவர், அது எவ்வளவு பராமரிப்போடு இருந்தாலும், தேய்மானம் கழித்த தொகையோடுதான் நிற்க வேண்டும். சிறிய வீட்டில் வாழ்பவருக்குத்தான் மீண்டும் எழுந்து நிற்கப் பணம் அதிகம் தேவைப்படும் என்பதை எண்ணும்போது, இந்த இரண்டு அடி வேறுபாடு என்னை உறுத்தவே செய்கிறது.

நிலநடுக்கமும் தனிப் பாலிசிக்குரியது. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் அருகே நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் ஏராளமான மொபைல் ஹோம்கள் தாங்குகட்டைகளிலிருந்து சரிந்து விழுந்தன. எரிவாயுக் குழாய்கள் முறிந்து சில குடியிருப்புகள் தீப்பற்றி எரிந்தன. கலிஃபோர்னியாவில் வீட்டுக் காப்பீடு விற்கும் நிறுவனம் நிலநடுக்கக் காப்பீட்டையும் வாடிக்கையாளருக்கு முன்வைக்கக் கடமைப்பட்டது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. காட்டுத்தீ அப்படியில்லை, வழக்கமான பாலிசியில் தீ என்ற தலைப்பிலேயே அடங்கும். 2008 நவம்பரில் சில்மார் பகுதியின் ஓக்ரிட்ஜ் மொபைல் ஹோம் குடியிருப்பில் ஒரே இரவில் ஏறத்தாழ 480 வீடுகள் சாம்பலாயின. அப்படி ஒரு நாளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்கும் தொகை, அண்டை வீட்டாரின் தொகையிலிருந்து வேறுபடுவது, நாம் முன்னே பார்த்த அந்த மதிப்பீட்டு முறையால்தான்.

நிலம் யாருடையது என்பது அடுத்த பெரிய கேள்வி. குடியிருப்புப் பூங்காக்களில் வீடு குடியிருப்பவருடையது, நிலம் பூங்கா உரிமையாளருடையது. பூங்காவின் காப்பீடு சாலை, பொதுக்கூடம், நீச்சல்குளம் ஆகியவற்றுக்கானது. குடியிருப்பவரின் வீட்டுக்கும் உடைமைக்கும் அதில் இடமில்லை. அதே சமயம், வீட்டுப் படிக்கட்டு உடைந்து தபால்காரர் விழுந்தாலோ, வளர்ப்பு நாய் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்தாலோ பொறுப்பு குடியிருப்பவருடையது. ஆகவேதான் பல பூங்காக்கள் நிலக் குத்தகையிலேயே பொறுப்புக் காப்பீட்டை நிபந்தனையாக வைக்கின்றன. சில நாய் இனங்கள், டிராம்போலின், விறகு அடுப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி நிறுவனங்கள் மறுப்பதும் விலக்குவதும் உண்டு. விண்ணப்பத்தில் மறைத்தால் பின்னர் இழப்பீடே கேள்விக்குள்ளாகும்.

நிலம் வாடகைக்கு இருக்கும்போது இடிபாடு அகற்றும் செலவு மிக முக்கியமாகிறது. எரிந்துபோன வீட்டின் எஃகுச் சட்டம், உருகிய தகடு, நனைந்த காப்புப் பஞ்சு எல்லாவற்றையும் வெட்டி அள்ளிக் குப்பைக்கிடங்குக்குக் கட்டணம் கட்டி ஒழிக்க வேண்டிய கடமை குத்தகையின்படி வீட்டு உரிமையாளருடையதாகவே இருக்கும், மனைக்கான மாத வாடகையும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும். நடப்பு மதிப்பில் வந்த சிறு தொகையில் ஆயிரக்கணக்கான டாலர் இதற்கே போய்விட்டால், அடுத்த வீட்டுக்கு முன்பணம்கூட மிஞ்சாது. இடிபாடு அகற்றும் செலவு வீட்டுத் தொகைக்கு உள்ளேயா, அதற்கு மேலேயா என்ற ஒரு கேள்வியை முகவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது கட்டட விதிகளுக்கான கூடுதல் பாதுகாப்பு. பழைய வீடு இருந்த இடத்தில் இன்றைய விதிப்படி இன்னும் உயரமான அடித்தளமும், புதிய மின் இணைப்பும், வலுவான நங்கூரமும் வேண்டும் என்று உள்ளாட்சி சொன்னால், அந்தக் கூடுதல் செலவைச் சாதாரணப் பாலிசி முழுமையாக ஏற்காது.

கடன் வாங்கி வீடு வாங்கியவருக்குக் காப்பீடு விருப்பமல்ல, ஒப்பந்தக் கடமை. மொபைல் ஹோம்களுக்கான கடன்களில் பல, நிலத்தைச் சேர்க்காமல் வீட்டை மட்டும் அசையும் சொத்தாக அடமானம் வைப்பவை. உரிமையாளர் பாலிசியைக் காலாவதியாக விட்டுவிட்டால், கடன் தந்தவர் தாமே ஒரு பாலிசியை எடுத்து அதன் பிரீமியத்தைக் கடன் தவணையோடு சேர்த்து வசூலிக்கலாம். அது வழக்கத்தைவிட விலை கூடியது. கடன் தந்தவரின் பணத்தைக் காக்கும், குடியிருப்பவரின் உடைமைகளையும் பொறுப்பையும் பெரும்பாலும் காக்காது. தவணைச் சீட்டில் திடீரெனத் தொகை கூடியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வீட்டை இடம் மாற்ற நேர்ந்தால் புறப்படும் முன்பே நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். கட்டைமேல் நிற்கும் வீட்டுக்கான பாலிசி சாலையில் ஓடும் வீட்டுக்குப் பொருந்தாது. வழியில் மோதல், கவிழ்தல் போன்றவற்றுக்குத் தனிப் பயண இணைப்பு உண்டு, குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் செல்லும். இழுத்துச் செல்லும் நிறுவனத்தின் காப்பீடு எதை ஏற்கும் என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எந்தப் பாலிசியும் மெல்ல மெல்ல நேரும் கேட்டை ஏற்பதில்லை. மொபைல் ஹோமின் தண்ணீர்க் குழாய்கள் தரைக்கு அடியில், வயிற்றுப்பகுதி எனப்படும் தாளுறைக்குள் ஓடுகின்றன. எலி அந்த உறையைக் கடித்துக் கிழித்தால் அது விலக்கு; ஆறு மாதமாகச் சொட்டிய கசிவில் தரைப்பலகை உளுத்தால் அதுவும் விலக்கு; குழாய் திடீரென வெடித்து ஒரே இரவில் தரை நனைந்தால் பெரும்பாலும் பாதுகாப்பு உண்டு. குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்கச் சுற்றும் மின்சூட்டுநாடா பழையதானால் தீக்குக் காரணமாகும். அதை ஆண்டுக்கொரு முறை தொட்டுப் பார்த்து, அதன் மேலுறை வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுக் குளிருக்கு வேறிடம் போகிறவர்கள் சூட்டைக் குறைந்த அளவிலாவது ஓடவிட வேண்டும் அல்லது குழாய்களை வடித்துவிட வேண்டும். இரண்டும் செய்யாத வீட்டில் உறைந்து வெடித்த குழாய்க்கு இழப்பீடு மறுக்கப்படும். வீடு பொருள்களின்றி 60 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால், விஷமிகள் செய்யும் சேதத்துக்கான பாதுகாப்பு வழக்கமான படிவங்களில் நின்றுபோகும்.

எல்லா நிறுவனங்களும் கைவிட்டவருக்கு மாநிலங்கள் கடைசிப் புகலிடம் ஒன்றை வைத்திருக்கின்றன: ஃபுளோரிடாவில் 2002-இல் உருவான சிட்டிசன்ஸ், டெக்ஸாஸ் கடலோர மாவட்டங்களில் காற்றுக்காக 1971-இல் அமைந்த புயற்காற்றுக் காப்பீட்டுச் சங்கம், கலிஃபோர்னியாவில் ஃபேர் திட்டம். இவற்றின் பாதுகாப்பு குறுகியது. டெக்ஸாஸ் சங்கத்தின் பாலிசி காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் மட்டுமே, தீக்கும் பொறுப்புக்கும் வேறு பாலிசி வேண்டும். அங்கே போகும் முன், மொபைல் ஹோம்களை மட்டுமே கையாளும் நிறுவனங்களோடு தொடர்புள்ள சுயேச்சை முகவர் ஒருவரிடம் கேட்டுப் பார்ப்பது பலன் தரும்.

பழைய வீட்டை வாங்கியவர்கள் பலர், தகவல் தாள் கிழிந்துபோய்விட்டது, சிவப்புத் தகட்டைப் புதிய சுவர்ப் பலகை போடும்போது கழற்றி எறிந்துவிட்டார்கள் என்ற காரணத்தால் காப்பீடும் கடனும் கிடைக்காமல் திகைக்கிறார்கள். அந்தத் தகட்டை மறுபடி வழங்கும் முறை இல்லை. ஆனால் கட்டடத் தொழில்நுட்பம் மற்றும் பாதுகாப்பு நிறுவனம், ஹட் துறையின் சார்பில், தகட்டின் எண்ணை உறுதிசெய்யும் கடிதத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு தருகிறது. அதற்கு வரிசை எண் வேண்டும். வீட்டுக்குள் தாள் இல்லாவிட்டாலும், அதே எண் வீட்டின் முன்பக்க எஃகுக் குறுக்குச் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் எழுத்துகள் தெரியும்.